வைக்கோல் அடைத்த கலுங்கு

நல்லகாமனைப் பற்றி எழுத எனக்கு யோக்கியதை கிடையாது. இருந்தாலும் எழுதுகிறேன். அவனைத் தெரிந்த மற்றவர்கள் என்னைவிடக் கேவலமானவர்கள்.

எழுபத்தொன்பதில் மதுரைக்கு வெளியே ஒரு பொறியியல் கல்லூரியில் நான் விரிவுரையாளன். அவன் அங்கே பஞ்ச் ஆபரேட்டர், அதுவும் தற்காலிகம். எங்களிடம் கம்ப்யூட்டர் இல்லை, சென்னையில்தான் இருந்தது. நாங்கள் எழுதும் புரோகிராமை வரிக்கு ஓர் அட்டை வீதம் அவன் துளை போட்டுக் கொடுப்பான். கட்டுக்கட்டாக ரயிலில் அனுப்பினால் ஒரு வாரத்தில் விடை அச்சாகி வரும். பேரையூர்ப் பக்கத்துச் சம்சாரி வீட்டுப் பிள்ளை, விவசாயக் குடும்பம். ஆயிரம் அட்டையில் ஒரு பிழை பார்க்க முடியாது.

எங்கள் துறைத்தலைவர் தனுஷ்கோடி அப்போது டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். மழை இவ்வளவு பெய்தால் கண்மாயில் தண்ணீர் எவ்வளவு ஏறும், நிறைந்தால் மிச்சத் தண்ணீரை வெளியேற்றும் கலுங்கு வழியாக எவ்வளவு வழிந்து போகும், கரை தாங்குமா என்று கம்ப்யூட்டருக்குள்ளேயே ஒரு கண்மாயைக் கட்டிப் பார்ப்பது. அதற்கு அவர் எடுத்துக்கொண்டது நல்லகாமனின் ஊர்க் கண்மாய். அறிவியல் காரணம் ஒன்றுமில்லை. அளவெடுக்கப் போகும்போது அவன் தங்கை பாண்டியம்மாள் வீட்டில் கோழிக்குழம்பு கிடைக்கும். நானும் வெட்கமில்லாமல் தின்றிருக்கிறேன்.

அந்த ஊர்க்காரர்கள் இரண்டாவது கலுங்கு கேட்டு மனு கொடுத்திருந்தார்கள். தேவையா இல்லையா என்று அதிகாரிகள் தனுஷ்கோடியிடம்தான் கருத்துக் கேட்டார்கள். பாண்டியம்மாளின் வீடு கரைக்கு நேர் கீழே இருந்தது.

கலுங்கின் மேல் வரிசையாகக் கல் நட்டிருப்பார்கள். மழைக்காலம் தொடங்கியதும் கல்லுக்குக் கல் வைக்கோலும் மண்ணும் திணித்து, இரண்டடி தண்ணீரைக் கூடுதலாகப் பிடித்துவைப்பது ஊர் வழக்கம். பெருமழை வந்தால் அடைப்பைப் பிரித்துவிட வேண்டும். ஆனால் தேக்கிய தண்ணீரைத் திறந்துவிட எந்தச் சம்சாரிக்கு மனசு வரும்? தனுஷ்கோடியின் கணக்கில் மட்டும் கலுங்கு எப்போதும் திறந்தே கிடந்தது.

நல்லகாமன் சொல்லிப் பார்த்தான். "சார், அடைப்ப லேசுல யாரும் பிரிக்க மாட்டாங்க சார். அதையும் கணக்குல சேத்துக்கங்க."

"கிராமத்தான் திணிக்கிற வைக்கோலுக்கெல்லாம் ஈக்வேஷன் கிடையாது. குடுத்ததப் பஞ்ச் பண்ணு."

அவன் ஒரே ஓர் அட்டையை மாற்றினான். கலுங்கின் உயரத்தில் இரண்டடி கூட்டினான். சென்னையிலிருந்து விடை வந்தது: ஒரே நாளில் எட்டு அங்குலம் பெய்தால், ஆறாவது மணி நேரத்தில் தண்ணீர் கரையைத் தாண்டும். தனுஷ்கோடி அதைப் படித்தார். புரிந்துகொண்டார். பிறகு அந்தத் தாளைக் கிழித்து, அதில் வடையை வைத்து எண்ணெய் பிழிந்து தின்றார்.

"பழைய நம்பரையே போடச் சொல்லுய்யா. ஆறு மாசத்துல தீசிஸ் குடுக்கணும்" என்றார் என்னிடம்.

நான் போனேன். "ஒரு அட்டைதான நல்லகாமா. உன் பெர்மனன்ட் ஆர்டர் அவரு கையிலதான் இருக்கு."

"அண்ணே, எந்தங்கச்சி வீடு கீழ இருக்குண்ணே."

"நம்ம சீமையில அம்புட்டு மழை எங்கய்யா பேயுது?"

பழைய நம்பரிலேயே அட்டையைப் போட்டான். இம்முறை கணக்கில் கரை தாங்கியது. இரண்டாவது கலுங்கு தேவையில்லை என்ற கடிதத்தை எழுதியது நான். கையெழுத்துதான் தனுஷ்கோடியுடையது.

ஐப்பசியில் ஒரு நாள் விடியற்காலையில் பிடித்த மழை மத்தியானம் வரை விடவில்லை. பாண்டியம்மாளின் புருஷன் முத்திருளன் கடப்பாரையோடு அடைப்பைப் பிரிக்க ஓடினான். நாலு கல் இடைவெளியைத் திறப்பதற்குள் பக்கத்தில் கரை உடைந்தது. மூன்றாம் நாள்தான் உடம்பு கிடைத்தது.

நானும் நல்லகாமனும் போனோம். வீடு இருந்த இடத்தில் சேறுதான் இருந்தது. பாண்டியம்மாள் அழவில்லை. "கரை தாங்கும்னு ஒங்க மிஷினு சொல்லுச்சாமேண்ணே?" என்று கேட்டாள்.

நல்லகாமன் ஏதாவது பொய் சொல்லிச் சமாளிக்க மாட்டானா என்று பார்த்தேன்.

"இல்லத்தா. ஒடையும்னுதான் சொல்லுச்சு. நாந்தான் மாத்திப் போட்டேன்."

என்னைக் கைகாட்டவில்லை. தனுஷ்கோடி பெயரையும் எடுக்கவில்லை. பாண்டியம்மாள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "எந்திரிச்சுப் போ. எம்மூஞ்சில இனி முழிக்காத" என்றாள்.

நிரந்தர வேலை உத்தரவு வந்தபோது அவன் வாங்கிக்கொள்ள வரவில்லை. பழங்காநத்தத்தில் ஓர் அரிசிக் கடையில் மூட்டை தூக்குகிறான் என்று கேள்விப்பட்டேன். போய்ப் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

தை மாதம் தனுஷ்கோடிக்கு வாய்மொழித் தேர்வு. வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர், "அந்தக் கண்மாய் உடைஞ்சுபோச்சாமே?" என்று கேட்டார்.

"மாடல் சரிதான் சார். ஊர்க்காரங்கதான் விதிப்படி நடந்துக்கல" என்றார் தனுஷ்கோடி.

எல்லோரும் சிரித்தார்கள். கூடவே நானும் சிரித்தேன். மதிய விருந்தில் பாயசத்தை இரண்டாம் தரம் கேட்டு வாங்கிக் குடித்தேன்.