மிச்சம் கிடந்த தொங்கல்

யார்மிலாவுக்கு உட்கார்ந்தால் கால் ஆடும், நின்றால் கை பரபரக்கும். விருந்துக்குப் போன வீட்டில்கூடச் சூப்பை ஆறவிட்டு, மேலே தொங்கும் விளக்கில் எது கோணல் என்று பார்ப்பாள். பொஹீமிய மலைப்பக்கத்தில் அவர்கள் ஊரே சரவிளக்கு செய்யும் ஊர். ஓரம் மூளியாகிக் கழித்துப்போட்ட கண்ணாடித் தொங்கல்களைத்தான் அங்கே பெண்கள் காதில் மாட்டிக்கொள்வார்கள். அவளும் அப்படித்தான்.

அந்த வாரம் நாட்டுப்புறத்துப் பழைய மாளிகை ஒன்றின் சரவிளக்கைப் பிரித்துக் கழுவி, கம்பி மாற்றி, மறுபடி கோத்தாள். புருஷன் லுபோஷ் கயிற்றை இழுத்து விளக்கை மேலே ஏற்றினான். கீழே துணியில் ஒரு தொங்கல் மிச்சம் கிடந்தது.

"இறக்கு!"

"இப்பத்தானேடி கட்டினேன்? ஒண்ணு குறைஞ்சா எவன் அண்ணாந்து பாக்கப்போறான்?"

"நான் பாப்பேன்யா. இறக்கு!"

இறக்கினான். கொக்கி கொக்கியாகத் தடவினாள், எதுவும் காலியில்லை. ஏற்றச் சொன்னாள். மனசு ஆறாமல் மறுபடி இறக்கச் சொன்னாள். லுபோஷின் உள்ளங்கை சிவந்துவிட்டது.

"கிறுக்குப் பிடிச்சவளே!" என்று திரும்பியவன், அவளைப் பார்த்ததும் சிரித்துவிட்டான். "இடது காதைத் தொட்டுப் பாரு. கம்பியில சிக்குதுன்னு காலையில கழட்டி இந்தத் துணியில வெச்சியே!"

காது மொட்டையாக இருந்தது. அவளுக்கும் சிரிப்பு வந்தது. மிச்சம் கிடந்ததை எடுத்து மாட்டிக்கொண்டாள். லுபோஷ் விளக்கை ஏற்றி, கயிற்றை இறுக்கி முடிந்து, பீர் பாட்டிலைத் திறந்தான்.

யார்மிலா நிலைக்கண்ணாடி முன் போய் நின்றாள். வலது காதில் இருந்தது மூளி. இடது காதில் இருந்ததில் ஒரு கீறல்கூட இல்லை.

மெல்ல விளக்கை அண்ணாந்து பார்த்தாள்.

"லுபோஷ், பீரைக் கீழ வை."