சிவப்பு வயிற்று மீன்

எண்பத்தாறில் நான் டென்மார்க்கில், இக்காஸ்ட் என்ற ஊரில் ஒரு துணித் தொழிற்சாலையில் வேலை செய்தேன். மனைவியும் கைக்குழந்தையும் யாழ்ப்பாணத்தில் இருந்தார்கள். வேலை முடிந்து திரும்பும் அறையில் உயிருள்ள ஏதாவது இருக்கட்டும் என்று ஒரு கண்ணாடித் தொட்டி வாங்கினேன். மே மாதம் ஓடையில் வலை போட்டு, வயிறு சிவந்த விரலளவு மீனொன்றைப் பிடித்துவந்து அதில் விட்டேன்.

மறுநாள் மாலை அதைப் பார்த்த டேனிஷ்காரரான பக்கத்து அறைக்காரர் ஏதோ சொன்னார். எனக்கு விளங்கவில்லை. அதே வீட்டில் வேறு அறையில் இருந்த, எங்கள் ஊர் அண்ணைதான் தமிழில் சொன்னார்.

"உது ஆண் மீனாம். தாய் முட்டையைப் போட்டிட்டுப் போயிடுமாம். தகப்பன்தான் தான் கட்டின கூட்டடியில காவல் நிக்கிறதாம். அது இல்லாட்டி மற்ற மீனுகள் முட்டையைத் தின்னுமாம்."

மீனை வாளியில் எடுத்தேன்.

"இப்பதானே வேலையால வந்தனீர். நாளைக்குப் போமன்."

"இல்லை அண்ணை, போறன்."

கால் கடுக்க நடந்தேன். ஓடைக்கரை முழுவதும் ஒரே மாதிரிப் புல். எங்கே பிடித்தேன் என்று தெரியவில்லை. தேடிக் களைத்து, ஏதோ ஓரிடத்தில் விட்டுவிட்டு வந்தேன்.

மனைவிக்கு அப்போது எல்லாவற்றையும் எழுதுவேன். இதை எழுதவில்லை. அவர்கள் வந்து சேர்ந்து இத்தனை வருடமாகியும் சொல்லவில்லை.