பூஜ்ஜியத்தில் கூப்பிடும் குரல்

கலாதேவி பெயர்களை வெட்டும்போது வாயால் சொல்லிக்கொண்டேதான் வெட்டுவாள். சமையலறை மேசையில் கணினி, பக்கத்தில் ஆறிப்போன கோப்பி, அடுப்பில் சாம்பார். "செல்... லா... யி" என்று இழுத்து, ஒவ்வொரு துண்டுக்கும் விரலால் மேசையில் ஒரு தட்டு. சாம்பார் பொங்கி வழிந்தாலும் பெயர் முடியாமல் எழமாட்டாள். "இரு லா, இன்னும் ஒரு துண்டுதான்" என்று அடுப்பைப் பார்த்துச் சொல்வாள்.

ஜெலாப்பாங்கில் தொழிற்சாலைகளுக்குப் பின்னால் ஒரு வரிசை வீடு. நாற்பதைத் தாண்டியாயிற்று, கல்யாணம் வேண்டாம் என்று சொன்னவள் சொன்னவள்தான். காம்பாரில் படித்தவள். கடைக்கும் கோயிலுக்கும் கிளினிக்குக்கும் கணினி நிரல் எழுதிக் கொடுப்பதுதான் பிழைப்பு. பைத்தான் என்று மலைப்பாம்பின் பெயரை வைத்துக்கொண்ட ஒரு மொழி. அந்த மொழிக்கு ஒரு பெயர் என்பது, தோட்டத்தில் விடியற்காலைப் பெரட்டில் பேர் கூப்பிட ஆட்களை வரிசையாக நிறுத்துவார்களே, அந்த மாதிரி. ஒவ்வொரு எழுத்துக்கும் நிற்க ஓர் இடம். எந்த இடத்திலும் வெட்டலாம், வெட்டியதை வேறொன்றோடு கோக்கலாம். தமிழ்ப் பெயர் என்றால் மட்டும் வம்பு. நம் கண்ணுக்கு ஒரே எழுத்து, அதற்கு இரண்டு ஆள். கொம்பு தனி ஆள், புள்ளி தனி ஆள். பார்க்காமல் வெட்டினால் கொம்பு ஒரு பக்கம் போகும், எழுத்து ஒரு பக்கம் நிற்கும். "மாட்டுக்குக் கொம்ப அறுத்த மாதிரி முழிக்கிது பாருங்க" என்று கலாதேவி தானே சிரித்துக்கொள்வாள்.

இந்த வெட்டும் கோப்பும் எதற்கு என்றால், அவளுடைய அக்காள் நவமணியின் குரலுக்காக. சிறுநீரகம் கெட்டவர்களுக்கு ரத்தம் சுத்தம் செய்யும் நிலையம் ஒன்று பக்கத்திலேயே இருக்கிறது. அதன் வாசலில் நின்று நோயாளிகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் வேலை நவமணிக்கு. கால் முடியாமல் போனபோது, நிலையத்தார் சுவரில் ஒரு பலகையும் ஒலிபெருக்கியும் வாங்கி மாட்டினார்கள். கூடவே வந்த குரல் நம் பெயர்களை மென்று துப்பியது. ஒருவருக்கும் தன் பெயர் தெரியவில்லை. கலாதேவிதான் ஒரு வழி கண்டாள். எதிரொலி வராமல் இருக்க அக்காளைத் துணி அலமாரிக்குள் உட்கார வைத்து, தமிழில் உள்ள சத்தம் அத்தனையையும் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்லிப் பதிந்துகொண்டாள். "வயசான காலத்துல என்னைய ஒன்னாங் கிளாசுல சேத்துட்டியேடி" என்று புடவைகளுக்கு நடுவிலிருந்து நவமணி முணுமுணுத்தாள். அன்றிலிருந்து பெயரைக் கொடுத்தால் நிரல் அதைத் துண்டாக்கும், துண்டுக்கு ஏற்ற சத்தத்தை எடுத்துக் கோக்கும். நவமணி கூப்பிடுவாள்.

தீபாவளி முடிந்த கையோடு நவமணி இறந்துபோனாள். குரல் சுவரிலேயே இருந்தது.

மறு வாரம் நிலையத்துக் கூடத்தில் யாரும் எழவில்லை. ஒலிபெருக்கி கூப்பிடுகிறது, பலகையில் பெயர் மின்னுகிறது, ஆட்கள் மடியில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். மேலாளர் கேப்ரியல் பயந்துபோய்க் கலாதேவியைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"செத்தவ கூப்பிடுறா. எப்படிப் பிள்ள எந்திரிக்கிறது?" என்றாள் செல்லாயி. ஆயர் தாவார் பக்கம் ரப்பர் பாலுக்குக் கித்தா மரம் வெட்டிய கை, இப்போது ஊசி குத்திக் குத்திப் புடைத்த கை.

"அத்தே, அது அக்கா இல்ல. துண்டு துண்டா ஒட்டினது."

"ஒட்டினா வேற ஆளாயிருமா? நீ மொதல்ல பசியாறிட்டு வந்து பேசு."

அந்தி நேரத்தில் கித்தாக் காட்டுக்குள்ளிருந்து யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் உடனே "என்னா" என்று கேட்கக்கூடாது. மூன்றாவது முறை கூப்பிடும்வரை பொறுக்க வேண்டும். இறந்தவர்களுக்கு மூன்றாவது முறை கூப்பிடத் தெம்பு இருக்காது. தோட்டம் போய், மரம் போய், எண்ணெய்ச் செம்பனை வந்து, ஆட்களெல்லாம் ஈப்போவுக்கு வந்து அடுக்குமாடியில் ஏறிய பிறகும் இந்தப் பழக்கம் போகவில்லை. எரிவாயுத் தோம்பு கொண்டுவருகிறவன்கூட மூன்று முறை கத்த வேண்டியிருக்கிறது.

கலாதேவி வாதாடவில்லை. பெயரை மூன்றால் பெருக்கினாள். அந்த மொழியில் எழுத்தையும் பெருக்கலாம். ஆனால் பெருக்கினால் இடைவெளி விடாது. முதல் நாள் ஒலிபெருக்கி மூச்சுவிடாமல், "செல்லாயிசெல்லாயிசெல்லாயி" என்றது.

"அது என்னா பிள்ள, பேரா, ரயிலா?" என்றாள் செல்லாயி. கூடமே சிரித்தது.

பிறகு ஒவ்வொரு அழைப்புக்கும் நடுவில் ஒரு மூச்சு அளவு மௌனத்தை வைத்துக் கோத்தாள். அதோடு சரியாயிற்று. முதல் அழைப்புக்குத் தலையைத் தூக்குவார்கள், இரண்டாவதுக்குச் செருப்பைத் தேடுவார்கள், மூன்றாவதுக்கு எழுந்துவிடுவார்கள்.

கெட்டிக்காரிதான். யார் வந்து சொன்னாலும் கெட்டிக்காரிதான். ஆனால் கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லிவிடுவாள். அதுதான் அவளிடம் உள்ள கோளாறு. ஒருநாள் ஒலிபெருக்கியின் கம்பியைச் சரிபார்த்துக்கொண்டிருந்தவளிடம் செல்லாயி, "மூனோட நிப்பாட்டணும்னு அதுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டாள்.

"எண்ணும் அத்தே. பூஜ்யம், ஒன்னு, ரெண்டு. நிப்பாட்டிரும்."

"பூஜ்யமா?"

"கம்ப்யூட்டருக்கு எல்லா வரிசையும் பூஜ்யத்துலதான் ஆரம்பம்."

"அப்ப பூஜ்யத்துல ஒரு தடவ கூப்பிடுது."

"ஆமா, அதான் மொத தடவ" என்றாள் கலாதேவி, கம்பியைப் பார்த்தபடியே.

செல்லாயி எண்ணத் தொடங்குவது ஒன்றிலிருந்து. ஒன்று, இரண்டு, மூன்று காதில் விழுகின்றன. அப்படியானால் பூஜ்ஜியம் எங்கே விழுகிறது? அந்த வாரத்துக்குள் கூடம் முழுக்கச் செய்தி பரவிவிட்டது: ஒன்றுக்கு முன்னால் நவமணி ஒருமுறை கூப்பிடுகிறாள், அது யாருக்கோ அவருக்கு மட்டும் கேட்கும்.

அதன் பிறகு கூடத்தில் பேச்சுக் குறைந்தது. தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைக்கச் சொன்னார்கள். செல்லாயி ஒருநாள் பலகையில் எதுவும் மின்னாதபோதே எழுந்து சிகிச்சை அறைக் கதவை நோக்கி நடந்தாள். பாதி வழியில் ஒலிபெருக்கி அவள் பெயரைச் சொல்லியது.

"யாருக்கு அப்புறம் உங்க முறைன்னு உங்களுக்குத் தெரியும்ல? அந்தக் கணக்குலதான் எந்திரிச்சிருப்பீங்க" என்று கலாதேவி விளக்கினாள்.

"சரிதான் லா. ஆனா இன்னைக்கி ஒரு மெசின் கெட்டுப்போயி வரிசையவே மாத்திட்டாங்களாமே. எனக்கு யாரு சொன்னா?"

கலாதேவி வீட்டுக்கு வந்து நிரலை வரிவரியாகப் படித்தாள். பூஜ்ஜியம், ஒன்று, இரண்டு. மூன்று அழைப்பு. அதற்கு முன்னால் எதுவும் இல்லை.

அடுத்து எழுந்தவர் சீனி. கதவுக்குப் போகாமல் பின்பக்கமாகப் போனார். நிலையத்துக்குப் பின்னால் அந்தக் காலத்தில் ஈயம் தோண்டிய குட்டை ஒன்று கிடக்கிறது. வேலியைப் பிடித்துக்கொண்டு தண்ணீரைப் பார்த்தபடி நின்றவரைத் தாதிதான் கைப்பிடித்து அழைத்து வந்தாள். "நவமணி கூப்பிட்டுச்சு. என்னான்னு கேக்கத்தான் வந்தேன்" என்றார், சாதாரணமாக.

கேப்ரியல் கலாதேவியைத் தனியாக உட்காரவைத்துப் பேசினார். "நல்ல கொரலுதான் கலா. ஆனா ஒரு ஆளு குட்டையில விழுந்தா நான் யாருக்குப் பதில் சொல்றது? சனிக்கிழமையோட எடுத்திருவோம். நீ வீட்டுல வச்சுக்க, யாரு வேணாங்கிறா?"

வீட்டில் அது யாரைக் கூப்பிடும்? அந்த வீட்டில் மிச்சம் இருப்பது ஒரே ஒரு பெயர். ஊரில் உள்ள எல்லாப் பெயரையும் அந்தக் குரலில் சொல்லவைத்துப் பார்த்த கலாதேவி, தன் பெயரை மட்டும் ஒருமுறைகூடக் கொடுத்ததில்லை. துண்டுகள் எல்லாம் இருந்தன. கோக்கத்தான் கை வரவில்லை. பழைய கைப்பேசியோடு அக்காள் அனுப்பிய குரல்செய்திகளும் போய்விட்டன. இந்தக் கூடத்தில் ஓயாமல் யாரையாவது கூப்பிட்டுக்கொண்டிருக்கும்வரைதான் நவமணி எங்கோ வேலைக்குப் போயிருக்கிறாள். எடுத்துவிட்டால் இல்லை.

"ஒரு காலையில நான் வந்து உக்காந்து பாக்குறேன்ணே. பூஜ்யத்துல ஒன்னுமே வரலைன்னு எல்லாருக்கும் காட்டிர்றேன். அப்பறமும் பயந்தாங்கன்னா எடுத்திருங்க."

கேப்ரியல் யோசித்துத் தலையாட்டினார்.

வெள்ளிக்கிழமை காலை நல்ல வெயில். கூடத்தில் காற்றாடி கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. கலாதேவி நடுவரிசையில், செல்லாயிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கணினியை மடியில் திறந்து வைத்தாள். ஒலிபெருக்கிக்கு எது போனாலும் திரையில் ஒரு கோடு துள்ளும். சத்தம் இல்லாவிட்டால் கோடு படுத்துக் கிடக்கும். எல்லாருக்கும் தெரியும்படி திருப்பிக் காட்டினாள். ஆம்புரோஸ் என்று மூன்று முறை அழைப்பு வந்தது. கோடு மூன்று முறை துள்ளியது. ஆம்புரோஸ் எழுந்து போனார். குமுதா. மூன்று துள்ளல். குமுதா போனாள்.

"பாத்தீங்களா அத்தே? ஒன்னுக்கு முன்னாடி ஒன்னுமில்ல."

"இல்லதான்" என்றாள் செல்லாயி. "அதுல இல்ல."

சீனி முன்வரிசையில் அசையாமல் இருந்தார். கதவருகில் நின்ற கேப்ரியலின் முகம் தெளிந்திருந்தது. அடுத்த பெயர் வரக் கொஞ்ச நேரம் இருந்தது. கோடு படுத்துக் கிடந்தது. பலகை இருட்டாக இருந்தது.

கலாதேவி கணினியை மூடினாள். பக்கத்து நாற்காலியில் வைத்தாள். எழுந்தாள். சமையலறையிலிருந்து முன்வாசலுக்குக் குரல் கொடுக்கும்போது எவ்வளவு சத்தமாகச் சொல்வார்களோ அவ்வளவு சத்தமாக, "வாரேன்க்கா" என்றாள்.

பலகையில் பெயர் இல்லை. அன்றைய வரிசையிலும் கலாதேவி என்று ஒரு பெயர் இல்லை. அவள் குட்டை இருக்கும் பின்பக்கத்தை நோக்கி ஓர் அடி எடுத்து வைத்துவிட்டாள். செல்லாயி புடைத்த கையை நீட்டி அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"உக்காரு பிள்ள. இன்னும் மூனு தடவ இருக்கு."

கலாதேவி உட்கார்ந்தாள். கேப்ரியல் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை. செல்லாயியின் பிடியில் இல்லாத கையை உயர்த்தி, அந்தக் காற்றாடியைக் கொஞ்சம் நிறுத்தச் சொல்லிச் சைகை காட்டினாள்.