நிலத்தால் வரும் குளிர்

பெண் சாரணியர் பாசறைக்காக எங்கள் வெள்ளவத்தைப் பள்ளிக்கூடத்திலிருந்து நுவரெலியாவுக்குப் போனபோது எனக்குப் பதினான்கு வயது. வன்னியிலிருந்து கொழும்புக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. வாய் திறக்காத பிள்ளை என்றுதான் வகுப்பில் என்னைத் தெரியும்.

கொழும்பில் மின்விசிறி இல்லாமல் யாரும் படுப்பதில்லை. ஆளுக்கு இரண்டு போர்வையோடு பஸ் ஏறினோம். சோதனைச் சாவடிகளில் இறங்கி ஏறிப் போய்ச் சேர்ந்தபோது பைன் மரங்களுக்குள் பனிமூட்டம் இறங்கிவிட்டிருந்தது.

மறுநாள் விடிந்ததும் பிள்ளைகள் அடுப்பைச் சுற்றிக் குந்தியிருந்து நடுங்கினார்கள். ஒருத்தி வீட்டுக்குப் போகவேண்டும் என்று அழுதாள். எங்கள் கூடாரத்து நாலு பேரும் அப்போதுதான் கண்ணைக் கசக்கிக்கொண்டு வெளியே வந்தோம்.

"உங்களுக்குக் குளிரேல்லையோ?" என்று பொறுப்பான டீச்சர் கேட்டார்.

என்னோடு படுத்தவள் முந்திக்கொண்டாள். "இவள்தான் டீச்சர், போர்வையிலை பாதியைப் பறிச்சுக் கீழை விரிச்சவள். உனக்கென்ன விசரோ எண்டு கேட்டனான். பிறகு பாத்தா நல்ல சூடு."

"ஏன் கீழை விரிச்சனீ?"

"குளிர் நிலத்தாலைதான் கூட வரும் டீச்சர்."

"அது எப்பிடி உனக்குத் தெரியும்?"

தயங்கித்தான் சொன்னேன். "இடம்பெயர்ந்து போய் ஒரு மாரி முழுக்கத் தறப்பாள் கூடாரத்துக்குள்ளை இருந்தனாங்கள்."

சிரிப்பார்கள் என்று நினைத்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை. "அப்ப இண்டைக்கு எல்லாக் கூடாரமும் உன்ரை பொறுப்பு," என்றார் டீச்சர்.

பின்னேரம் முழுவதும் ஓடித் திரிந்தேன். காய்ந்த பைன் இலைகளைச் சாக்குகளில் அள்ளிவந்து பாய்களுக்கடியில் பரப்பினோம். "வாசலை ஒரேயடியா மூடாதேங்கோ, மூச்சுப் பட்டு ஈரம் சொட்டும். வேர்த்த உடுப்போடை படுக்காதேங்கோ, சொக்ஸையும் மாத்துங்கோ." என் குரல் இவ்வளவு பெரிதென்று எனக்கே அன்றுதான் தெரிந்தது. பக்கத்துக் கூடாரத்தில் இருந்த வேறு பள்ளிக்கூடத்துச் சிங்களப் பிள்ளைகளும் தங்கையைக் கூப்பிடுவதுபோல "நங்கி, நங்கி" என்று கூப்பிட்டார்கள். எனக்குச் சிங்களம் போதாது. கையாலேயே செய்து காட்டினேன். போத்தலில் சுடுதண்ணீர் நிரப்பி, சொக்ஸுக்குள் போட்டுக் காலடியில் வைத்ததும் அவர்கள் கைதட்டினார்கள்.

அடுத்த நாள் காலை, டீச்சர் விசில் ஊதி ஊதிக் களைத்துப்போனார். ஒருத்தியும் எழும்பவில்லை.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வன்னியில் சொந்தக்காரர் வீட்டில் இருந்தோம் என்றுதான் அம்மா எங்கள் மாடிக் குடியிருப்பில் எல்லோருக்கும் சொல்லிவைத்திருந்தார். தேங்காய் துருவிய கை அப்படியே நின்றது.

"எல்லாருக்கும் முன்னாலையோ சொன்னனீ?"

"ஓம் அம்மா."

அம்மா திரும்பவும் தேங்காயைத் துருவத் தொடங்கினார். ஆனால் அன்று பின்னேரம் முன்வீட்டு அன்ரியோடு வாசலில் நின்று அவர் கதைத்தது எனக்குக் கேட்டது.

"தறப்பாளுக்குள்ளைதான் இருந்தனாங்கள், அக்கா. அந்த மழைக்குள்ளையும் என்ரை பிள்ளையளுக்கு ஒரு தடிமன்கூட வர விடேல்லை."