இரண்டு டன் செயின் பிளாக்கும் சராசரி யானையும்

தொண்ணூறுகளின் கடைசியில் மாமல்லபுரம் கடலோரம் ஒரு ரிசார்ட் கட்டினார்கள். அங்கே நான் சைட் சூப்பர்வைசர். டிப்ளமோ சிவில் முடித்த பெண். செங்கல்பட்டிலிருந்து பஸ்ஸில் போய்வருவேன். சேர்ந்து நாலு மாதம்தான் ஆகியிருந்தது.

அன்று போர்ட்டிகோ மேல் வைக்கக் கருங்கல் சிலைகள் வந்தன. யானைகள் எல்லாம் ஒரே அளவு, சிங்கங்கள் எல்லாம் ஒரே அளவு. முதல் லாரியில் இரண்டு யானை, மூன்று சிங்கம். எடைமேடைச் சீட்டில், லாரி எடை போக, 8,100 கிலோ. அடுத்த லாரியில் இரண்டு யானை, ஒரு சிங்கம், 5,900. எங்களிடம் இருந்த செயின் பிளாக் இரண்டு டன்தான் தூக்கும்.

ப்ராஜெக்ட் மேனேஜர் பி.இ. அந்த வெயிலிலும் டை கட்டுவார். கால்குலேட்டரைத் தட்டினார்.

"எட்டாயிரத்து நூறை அஞ்சால வகுத்தா ஆயிரத்து அறுநூத்து இருபது. அடுத்த லோடும் சராசரி ரெண்டு டன்னுக்குள்ளதான். முதல்ல யானையை ஏத்துங்க."

ஃபோர்மேன் எத்திராஜ் கொக்கியைப் பிடித்தபடி நின்றார். "இன்னா சார் இது? சிங்கத்தோட சேர்த்து வகுத்தா யானை இளைச்சிடுமா? கீழ நிக்கப்போறது எங்க ஆளுங்க."

"எத்திராஜ், கணக்கு என் வேலை. கொக்கி உன் வேலை."

நான் சிமென்ட் மூட்டைக் காகிதத்தில் இரண்டு சீட்டையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினேன். இரண்டிலும் இரண்டு யானை. கழித்தால் யானை போய்விடும். மிஞ்சியது இரண்டு சிங்கம், 2,200. அப்படியானால் ஒரு சிங்கம் 1,100. அதை 5,900-இல் கழித்தால் இரண்டு யானைக்கு 4,800. ஒரு யானை 2,400.

"சார், யானை ரெண்டு டன்னுக்கு மேல நானூறு கிலோ வருது. நீக்கல் முறையில போட்டேன்."

"ஏம்மா, டிப்ளமோல இதெல்லாம்கூடச் சொல்லித்தராங்களா?"

"பத்தாங்கிளாஸ்லயே சொல்லித்தராங்க சார்."

எத்திராஜ் கொக்கியை விட்டுவிட்டார். "ரெண்டாவது லாரில சிங்கத்த மட்டும் எறக்கறேன். யானைங்களோட போய் மறுபடி எடை போட்டுக்கினு வரட்டும். அப்பால பேசலாம்."

அப்படியே அனுப்பினோம். லாரி திரும்பும்வரை மேனேஜர் கடலையே பார்த்துக்கொண்டிருந்தார். சீட்டு வந்தது: 4,810. கூடுதல் பத்து கிலோ, டிரைவர் வழியில் வாங்கிப்போட்ட நுங்கு.

மறுநாள் ஐந்து டன் செயின் பிளாக் வந்தது. நாலு யானையும் ஏறின. யாருக்கும் ஒரு கீறல் இல்லை. "மேனேஜரின் சமயோசிதக் கணக்கால் விபத்து தவிர்க்கப்பட்டது" என்று தலைமை அலுவலகத்துக்கு அறிக்கை போனது. அவர் சொல்லச் சொல்ல டைப் அடித்தது நான்தான். ஒரு எழுத்துப் பிழைகூட விடவில்லை.

புதிதாக சைட்டுக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். சராசரி போடத் தெரிந்தவர் எல்லா ஆபீசிலும் இருப்பார், பெரும்பாலும் மேனேஜராகவே இருப்பார். ஆனால் சங்கிலி அறுந்தால் தலையில் விழுவது சராசரி அல்ல.