கடப்பாக்கல்லில் கட்டிய பவளம்

என் அண்ணனுக்கு வலது கை முழங்கைக்குக் கீழே போய்விட்டது. எழுபதுகளின் கடைசியில், விடிகிற நேரம், கரைக்குப் பக்கத்தில் அவன் வலை விட்டிருந்தபோது ஒரு விசைப்படகு குறுக்கே ஓடியது. லாஞ்சு என்போம் நாங்கள். அதன் இழுவலையில் எங்கள் வலை மாட்டிக்கொண்டது. வலைக்கயிறு அண்ணன் கையைச் சுற்றியிருந்தது. லாஞ்சு நிற்கவில்லை. கட்டுமரத்தில் கூட இருந்த பங்காளி கயிற்றை அறுத்ததால் ஆள் மிஞ்சினான். கையை ஆஸ்பத்திரியில் எடுத்துவிட்டார்கள்.

லாஞ்சுக்குச் சொந்தக்காரர் பழவேற்காட்டுக்குள் மாடிவீடு கட்டி வாழ்ந்தவர். படகுகள் காசிமேட்டில் நிற்கும். எங்கள் குப்பத்துப் பஞ்சாயத்துக்குக் கூப்பிட்டதும் வந்தார், அதையும் ஒரு பெருந்தன்மை போலக் காட்டிக்கொண்டு.

"கடலு இன்னா உங்க வூட்டுக் கொல்லையா? வழியில வலை போட்டா லாஞ்சு இன்னா பண்ணும்?" என்றார். பிறகு அண்ணனைப் பார்த்து, "இன்னொரு கை கீதில்ல" என்றார்.

அவரோடு வந்தவர்கள் சிரித்தார்கள். பெண்கள் பக்கம் நின்றிருந்த எனக்கு அந்தச் சிரிப்பு காதில் நீர் போனதுபோல உள்ளேயே தங்கிவிட்டது. சோறு வடிக்கும்போதும் கேட்கும், தலை வாரும்போதும் கேட்கும்.

நான் அப்போது கொத்தனார்களோடு சித்தாளாகப் போய்க்கொண்டிருந்தேன். கலவை போடுவேன். கொத்தனார் வராத நாளில் பூச்சு வேலையும் எனக்கு வரும். சில வருஷம் கழித்து அதே முதலாளி வீட்டில் சமையற்கட்டுத் தரை பெயர்ந்துவிட்டதென்று அந்த வீட்டம்மா ஆள் அனுப்பினார். நான் யாருடைய தங்கை என்று அவர்களுக்குத் தெரியாது. போகாதே என்றாள் அண்ணி. நான் போனேன்.

கூடத்தில் ஒரு பெரிய கண்ணாடித் தொட்டி இருந்தது. மேலே டியூப்லைட், பக்கத்தில் காற்று ஊதும் மோட்டார். முகத்துவாரத்திலிருந்து கேன் கேனாக உப்புத்தண்ணீர் கொண்டுவந்து நிரப்பியிருந்தார்கள். உள்ளே செந்நிறக் கடல் விசிறிகள், கல்லோடு ஒட்டிய பவளப்பூச்சிகள், விரல் விரலாக விரிந்து சுருங்கும் மெத்தென்ற பவளங்கள். எனக்கு அவற்றைத் தெரியும். எங்கள் குப்பத்துக்கு நேரே கடலுக்கடியில் இருக்கும் பாறைத் திட்டைப் பார் என்போம். மீன் தங்குகிற இடம். அண்ணனின் தூண்டிலில் எப்போதாவது இப்படி ஒரு விசிறி மாட்டி வரும்.

நான் பார்த்துக்கொண்டிருந்ததைக் கவனித்த முதலாளி மகிழ்ந்துபோனார். "நம்ம லாஞ்சு வலை மடியில வந்ததுதான். அந்தக் குப்பத்துக்கு நேரா ஒரு பாரு கீது பாரு, அங்க. அடிபடாம தண்ணியிலயே போட்டுக் கொண்டாரச் சொன்னேன்" என்றார்.

இழுவலை அந்தப் பாரைச் சுரண்டிய பிறகு எங்கள் ஆட்களுக்கு அங்கே மீன் படுவதே குறைந்திருந்தது. மீன் எங்கே போனதென்று குப்பமே கேட்டுக்கொண்டிருந்தது. பார் இவர் வீட்டுக் கூடத்தில் இருந்தது.

அவருக்கு ஒரு கவலை. எதை நிறுத்தினாலும் விழுந்துவிடுகிறது. நண்டு மணலைத் தோண்டும், நத்தை முட்டித் தள்ளும். முகம் கவிழ்ந்து விழுந்த பவளம் அழுகி, பக்கத்தில் இருப்பதையும் கெடுத்துவிடும். மகளின் நிச்சயதார்த்தத்துக்கு மாப்பிள்ளை வீட்டார் வருமுன் எல்லாம் அசையாமல் நிற்கவேண்டும். சிமெண்டு வேலை தெரிந்தவள் என்று அதை என்னிடமே கொடுத்தார்.

எப்படிச் செய்வது என்பதை தெற்கே மண்டபம் ஊரில் பவளம் தெரிந்த ஆள் ஒருவரிடம் அவர் நன்றாகவே கேட்டு வைத்திருந்தார். பச்சைச் சிமெண்டு தண்ணீரில் பட்டால் சுண்ணாம்பு இறங்கி எல்லாம் செத்துவிடும். அதனால் குழியும் மேடுமாக வார்த்து, வாரக்கணக்கில் ஊறப்போட்டு, தண்ணீர் மாற்றிக்கொண்டே இருக்கவேண்டும். தேய்த்தால் வழவழப்பு இருக்கக்கூடாது. பிறகு பவளத்தின் அடிக்கல்லைக் குழியில் உட்காரவைத்து நைலான் நரம்பால் கட்டவேண்டும். கட்டு கல்லின்மேல் விழவேண்டும், சதைமேல் படக்கூடாது. விசிறியை நீரோட்டத்துக்குக் குறுக்கே நிறுத்தவேண்டும், அப்போதுதான் அதற்கு இரை கிடைக்கும்.

சொல்லும்போது ஒரு பவளத்தைத் தண்ணீருக்குள் இரண்டு கையாலும் தாங்கிக் காட்டினார். "பிள்ளையத் தூக்குற மாதிரி தூக்கணும். நசுங்கினா திரும்ப வராது" என்றார்.

கரைக்குக் கொண்டுவந்தபோது என் அண்ணனின் நசுங்கிய கையை நான்தான் துணியில் சுற்றினேன். அந்த மனிதரின் விரல்கள் அத்தனை மென்மையாக இருந்தன. அதுவரை அவரைக் கல்நெஞ்சக்காரர் என்றே நினைத்திருந்தேன். இல்லை. இரக்கம் இருந்தது, எங்களுக்கு மட்டும் இல்லை. அதுதான் இன்னும் பொறுக்கவில்லை.

பச்சைச் சிமெண்டை அப்படியே இறக்கிவிடலாமா என்று முதலில் தோன்றியது. ஆனால் சாகப்போவது எங்கள் பார். அவரை அழவைக்க எங்களுடையதையே நான் கொல்வதா? வேறு வழி யோசித்தேன்.

"தனித்தனியா வேணாம் முதலாளி" என்றேன். "நீளமா ஒரு கடப்பாக்கல்லு, அதுமேல மேடு மேடா சிமெண்டு, எல்லாத்தையும் அதுலயே கட்டிடலாம். நாலு மூலையிலயும் ஓட்டை வுட்டா, தொட்டி கழுவுறப்ப கயிறு மாட்டி மொத்தமா தூக்கிடலாம்."

"நல்ல யோசனையாக் கீதே" என்றார். கடப்பாக்கல்லை அவரே வரவழைத்தார். ஓட்டை போட ஆளையும் அவரே பிடித்தார்.

கொல்லைத் தொட்டியில் கல் ஊறிய வாரங்களில் தினமும் போய்த் தண்ணீர் மாற்றினேன். பிறகு ஒவ்வொன்றாகக் கட்டினேன். எதுவும் சாகவில்லை, எதுவும் விழவில்லை. இவ்வளவு சிரத்தையாக நான் வேறு வேலை செய்ததில்லை. நிச்சயதார்த்தத்துக்கு முந்தின நாள் அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கருவாட்டுப் பாயின் ஓரத்தில் காக்கை விரட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அந்த ஒரு வேலைதான் அவனுக்கு வாய்த்திருந்தது.

"கயிறு நான் கொண்டாறேன்" என்றான்.

மறுநாள் காலை மாப்பிள்ளை வீட்டார் கூடத்தில் உட்கார்ந்து தொட்டியைப் பார்த்து வியந்துகொண்டிருந்தார்கள். அண்ணன், அண்ணி, பங்காளி, நான் நால்வரும் கொல்லை வழியாக உள்ளே போனோம். மீன் அள்ளும் பெரிய தொட்டியில் கடல்தண்ணீர் நிரப்பித் தள்ளுவண்டியில் கொண்டுபோயிருந்தோம். நான் கண்ணாடித் தொட்டிக்குள் கையை விட்டு, கல்லின் ஓட்டைகளில் கயிற்றைக் கோத்தேன்.

"இன்னிக்கி எதுக்குக் கழுவுற?" என்றார் முதலாளி.

"கழுவல. எடுத்துக்கினு போறோம்."

அவர் எழுந்தார். அதற்குள் கல் நீருக்கு மேலே வந்துவிட்டது. பிடித்து இழுத்தால் எல்லாம் நொறுங்கும் என்று அவருக்குத்தான் நன்றாகத் தெரியும். நின்றுவிட்டார். நாங்கள் கல்லை எங்கள் தொட்டிக்குள் இறக்கினோம்.

மாப்பிள்ளையின் தகப்பனார் அண்ணனின் மடித்துவிட்ட சட்டைக்கையைப் பார்த்தார். "இன்னாப்பா ஆச்சு கைக்கு?" என்றார்.

"இவரு லாஞ்சு எடுத்துக்கினு போச்சு" என்றான் அண்ணன். "இது எங்க பாரு. நாங்க எடுத்துக்கினு போறோம்."

பெரியவர் முதலாளியின் பக்கம் திரும்பினார். முதலாளி, "இவன யாருன்னே தெரியாது" என்றார். கூடத்தில் யாரும் சிரிக்கவில்லை.

பழவேற்காட்டு ஏரிக்கரை வரை முதலாளி செருப்பில்லாமல் பின்னாலேயே வந்தார். தோணியில் ஏற்றும்போது அவரால் பொறுக்க முடியவில்லை. "மெதுவா. விசிறி மடங்கிடும். மெதுவா வையுங்க" என்றார். குரல் உடைந்திருந்தது.

"இந்த மெதுவா அன்னிக்கி உன் டிரைவருக்குத் தெரியலயே" என்றேன். முதல்முறையாக அவரை நீ என்று பேசினேன்.

அவர் தண்ணீரில் இறங்கி நின்றார். அந்த முகத்தைத் தோணி தள்ளிப் போகும்வரை பார்த்துக்கொண்டே இருந்தேன். இனித்தது. பொய் சொல்லவில்லை.

முகத்துவாரம் தாண்டிப் பாருக்கு நேரே போனதும், அண்ணன் கயிற்றை மொட்டைக் கையில் ஒரு சுற்றுச் சுற்றி, இடது கையால் தளர்த்தித் தளர்த்திக் கல்லை இறக்கினான். பங்காளி உதவ வந்தபோது வேண்டாமென்றான். அடியில் பிழைத்ததா, அடுத்த லாஞ்சு வாரிக்கொண்டு போனதா, தெரியாது.

நான் நினைத்ததுபோலச் சம்மந்தம் முறியவில்லை. கல்யாணம் நன்றாகவே நடந்தது. போலீஸ்காரர் ஒருவர் குப்பத்துக்கு வந்து கல்லைத் திருடினாயா என்று கேட்டார். எந்தக் கல், யாருடைய கல் என்று பெண்கள் எல்லாரும் சேர்ந்து கேட்கவும் போய்விட்டார். ஊருக்குள் எனக்குச் சித்தாள் வேலை கிடைக்காமல் போயிற்று. காட்டூர்ப் பக்கம் நடவுக்குப் போனேன்.

"ஆறிடுச்சாடி?" என்று ஒருநாள் அண்ணி கேட்டாள்.

"பாதி" என்றேன்.

பல வருஷம் கழித்து அந்த முதலாளி இறந்த செய்தி வந்தது. நான் போகவில்லை. அண்ணன் போனான். வந்து கிணற்றடியில் குளித்தான், சாப்பிட உட்கார்ந்தான். ஏன் போனாய் என்று நான் கேட்கவில்லை. குழம்பை மட்டும் அவன் பக்கம் தள்ளி வைத்தேன்.