பிரேக் நான் புடிச்சுக்கறேன்

என் அண்ணனுக்கு ஊரார் வைத்த பெயர் கால் வாத்தியார். டிரைவிங் ஸ்கூல் போர்டில் இருக்கும் பெயரைச் சொல்லி விசாரித்தால் எதிர்க்கடைக்காரரே உதட்டைப் பிதுக்குவார். கால் வாத்தியார் என்றால் சின்னக் குழந்தைகூடக் கையைப் பிடித்துக் கூட்டிப்போகும். வண்டி குலுங்கினால் "கால்!" வண்டி அணைந்துபோனால் "கால்!" கியர் கரகரவென்று கடித்தால் "காலைப் பாரு, காலை!" எதிரே வரும் லாரிக்காரன் தாறுமாறாக வந்தாலும் குற்றம் இவனிடம் படிப்பவரின் காலுடையதுதான். "ஸ்டியரிங்கை யாரு வேணும்னாலும் திருப்பலாம். வண்டி ஓடறது கால்ல" என்று அடித்துச் சொல்வான்.

இப்படிக் கத்துகிறவனிடம் எப்படி இத்தனை பேர் வந்து படித்தார்கள் என்று கேட்டால், அதற்கும் ஒரு வார்த்தைதான் காரணம். டிரைவர் சீட்டில் இருக்கிற மாதிரியே அவன் உட்காரும் பக்கத்திலும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் உண்டு. முதல் நாள் வருகிறவர் வெலவெலத்துப் போய் உட்கார்ந்திருப்பார். இவன் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, "பயப்படாதீங்க, பிரேக் நான் புடிச்சுக்கறேன்" என்பான். அவ்வளவுதான், பாதி பயம் போய்விடும். ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவர், பேங்க்கில் வேலை பார்க்கும் அம்மாள், புருஷன் ஓட்டக்கூடாது என்று சொன்ன வண்டியை அவருக்குத் தெரியாமல் ஓட்டக் கற்றுக்கொண்ட ஒரு டீச்சர், எல்லோரும் அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் ரோட்டில் இறங்கினார்கள். நானும்தான்.

நான் ஒரு சலவை நிலையத்தில் வேலை பார்க்கிறேன். ஆஸ்பத்திரிகளுக்கும் விடுதிகளுக்கும் படுக்கை விரிப்புகளைத் துவைத்துக் கொடுக்கிற இடம். லைசென்ஸ் எடுத்தால் வேனை என்னிடமே கொடுப்பதாக முதலாளியம்மா சொன்னாள். அதனால் இந்த வயதில் அண்ணனிடம் மாணவியாகப் போய்ச் சேர்ந்தேன். எனக்கு டிரைவிங் சுத்தமாக வரவில்லை. "நம்ம வம்சத்துலயே இப்படி ஒரு கால் இல்லடி" என்று அண்ணன் தலையில் அடித்துக்கொள்வான்.

நான் சேர்ந்து கொஞ்ச நாளில் வண்டி படுத்துவிட்டது. கிளட்ச் பிளேட் கருகிப்போயிருந்தது. ஷெட்டுக்காரர் கியர் பாக்ஸை இறக்கி, புது பிளேட் போட்டு, தேய்ந்திருந்த கேபிளையும் மாற்றிக் கொடுத்தார். அவர் அண்ணனுடன் பள்ளியில் படித்தவர். வாயில் வார்த்தை வருவது அபூர்வம், வந்தால் குத்தலாக வரும். பழைய கேபிளில் கிளட்சின் மேல் ஏறி நின்றால்தான் அது இறங்கும். புதுசில் பூ மாதிரி இறங்கியது. அண்ணனுக்கு ஒரே பெருமை.

அந்தப் பெருமை ஒரு வாரம் தாங்கவில்லை. ஆக்சிலேட்டரை அழுத்தினால் இன்ஜின் மட்டும் கத்தியது, வண்டி அசைந்து கொடுத்தது, முன்னே போகவில்லை. மேட்டில் ஏறும்போது ரப்பர் கருகுகிற வாடை வந்தது. எனக்கு மட்டும் இல்லை. என்னோடு கற்றுக்கொண்ட மருந்துக்கடைக்காரரின் மகளுக்கும் அப்படித்தான், மற்றவர்களுக்கும் அப்படித்தான். சில சமயம் என் காலுக்கு அடியில் கிளட்ச் தானாகக் கீழே இறங்குவதுபோல இருக்கும்.

"அண்ணா, கிளட்ச் தானா எறங்குது."

"ஆமா, பேய் மிதிக்குது. ஒழுங்கா காலை எடுடி."

வண்டி திரும்பவும் ஷெட்டுக்குப் போனது. ஷெட்டுக்காரர் ஓட்டிப் பார்த்தார். அண்ணன் விலை பேச வந்தவன் மாதிரி பின்சீட்டில் கைகட்டி உட்கார்ந்திருந்தான். வண்டி குதிரையாகப் பறந்தது. கேபிளைத் தளர்த்திப் பார்த்தார், இறுக்கிப் பார்த்தார், ஆயில் கசிந்து பிளேட்டில் படுகிறதா என்று படுத்துக்கொண்டு டார்ச் அடித்துப் பார்த்தார். எல்லாம் சுத்தம்.

"வண்டியில ஒண்ணும் இல்லடா. உன் பசங்க கிளட்ச்ல காலை வெச்சுக்கிட்டே ஓட்டறாங்க."

"அதைத்தானே நான் கத்திக்கிட்டிருக்கேன்!" என்றான் அண்ணன்.

"எல்லார் காலும் ஒரே வாரத்துலயா கெட்டுப்போகும்?" என்று கேட்டேன். இருவரும் என்னைப் பார்த்தார்கள். மக்கு மாணவியின் பேச்சுக்கு யார் பதில் சொல்வார்கள்?

அண்ணன் தானே ஓட்டிப் பார்த்திருக்கலாம். ஆனால் அவன் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து ரொம்ப நாளாகிவிட்டது. வீட்டுக்குப் போகும்போதுகூட யாராவது மாணவரை ஓட்டச் சொல்லிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வான். "அவங்களுக்குப் பழக்கமாகட்டும்" என்பான். அதை அப்போது நாங்கள் பெரிய மனசு என்று நினைத்தோம்.

அண்ணி ஒருநாள் போன் செய்து விழுந்து விழுந்து சிரித்தாள். "உங்க அண்ணன் ஒத்தைச் செருப்போட வந்து நிக்கறாரு. இன்னொண்ணை எந்த வீட்டுல விட்டுட்டு வந்தாரோ, கேட்டுச் சொல்லு!" நானும் சிரித்தேன். மறுவாரமும் அப்படியே ஆனது. அண்ணன் அதன் பிறகு பின்னால் வார் வைத்த செருப்பு வாங்கிக்கொண்டான்.

இன்னொரு நாள் நான் அண்ணன் வீட்டில் இருந்தேன். வாசலிலிருந்து டிவி வரைக்கும் தரையில் சிவப்பாகப் பொட்டுப் பொட்டாக இருந்தது. அண்ணி தக்காளிச் சாறு என்று நினைத்துத் துடைக்கப் போனாள். அண்ணனின் உள்ளங்காலில் ஒரு ஆணி ஏறியிருந்தது. அவன் நியூஸ் பார்த்துக்கொண்டிருந்தான். அண்ணி ஆணியைப் பிடுங்கும்போதும் திரும்பிப் பார்க்கவில்லை. "தோல் தடிச்சுப்போச்சு, வேறொண்ணுமில்ல" என்றான். அவனுக்குச் சர்க்கரை உண்டு. மாத்திரை ஞாபகம் வந்தால் போடுவான், வராவிட்டால் அதற்காக வருத்தப்படமாட்டான். அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் அதையும் வண்டியையும் நான் சேர்த்து யோசிக்கவில்லை.

அந்தக் காலில் வந்த புண்ணுக்குக் கட்டுப் போட அண்ணன் ஆஸ்பத்திரிக்குப் போன நாளில், என் வகுப்பு வீணாக வேண்டாம் என்று ஷெட்டுக்காரர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். பெரிய ஆள், இடம் போதாமல் சம்மணம் போட்டுக்கொண்டார். நான் ஓட்டினேன். வண்டி வெண்ணெய் மாதிரி போனது. மேட்டில் நிறுத்தி, திரும்ப எடுத்தேன். சத்தம் இல்லை, வாடை இல்லை, கிளட்ச் தானாக இறங்கவும் இல்லை.

"பாத்தியா தங்கச்சி, இன்னிக்குக் காலை ஒழுங்கா வெச்சிருக்கே."

எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். வேலைக்குத் திரும்பி விரிப்புகளை மடிக்கும்போதுகூடப் பாட்டு முணுமுணுத்தேன். பாதி மடிப்பில் கை நின்றுவிட்டது. ஷெட்டுக்காரர் ஓட்டினாலும் வண்டி சரியாக இருக்கிறது. நான் ஓட்டினாலும் சரியாக இருக்கிறது. பக்கத்தில் அண்ணன் உட்கார்ந்தால் மட்டும் கெட்டுப்போகிறது. செருப்பும் ஆணியும் அப்போதுதான் ஒன்றன் பின் ஒன்றாக நினைவுக்கு வந்தன. வெந்நீர்த் தொட்டியின் பக்கத்தில் நின்றிருந்தும் எனக்குக் குளிர்ந்தது.

மறுநாள் மேட்டு ரோட்டுக்குப் போனோம். நல்ல ஏற்றம் அது. கீழே ஒரு பஸ் ஸ்டாப் இருக்கிறது, பெஞ்சு முழுக்க ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். டெஸ்ட்டில் மேட்டில் நிறுத்தி எடுக்கச் சொல்வார்கள் என்பதால் எல்லோருக்கும் அங்கேதான் பயிற்சி. நடு ஏற்றத்தில் நிறுத்தி ஹேண்ட் பிரேக் போட்டேன். பிறகு ரோட்டைப் பார்ப்பதற்குப் பதிலாகக் குனிந்து அவன் காலைப் பார்த்தேன்.

வார் வைத்த செருப்பு கிளட்சின் மேல் இருந்தது. முழுக்க அழுத்தவில்லை, தூங்குகிற குழந்தையின் கை நம்மேல் கிடக்குமே, அப்படிக் கிடந்தது. பெடல் பாதி இறங்கியிருந்தது.

"அண்ணா, காலை எடு."

"நீ எடுடி உன் காலை. ஹேண்ட் பிரேக்கை விடு, கிளம்பு."

"கிளட்ச் மேல இருக்கறது உன் கால்."

"என் கால் கீழ இருக்கு. ரோட்டைப் பாரு."

பழக்கதோஷம், அவன் அதட்டினால் செய்துவிடுவேன். ஹேண்ட் பிரேக்கை விட்டேன். இன்ஜின் கத்தியது. வண்டி பின்னால் உருண்டது. எனக்குக் கைகால் ஓடவில்லை. என் கால் எந்தப் பெடலில் இருக்கிறது என்று எனக்கே தெரியவில்லை. கண்ணாடியில் பஸ் ஸ்டாப் பெரிதாகிக்கொண்டே வந்தது.

"பயப்படாதே, பிரேக் நான் புடிச்சிருக்கேன்" என்றான் அண்ணன், எப்போதும் சொல்கிற அதே நிதானத்தில்.

வண்டி நிற்கவில்லை.

"அண்ணா, பிரேக்!"

"புடிச்சுக்கிட்டுத்தானே இருக்கேன்!"

பார்த்தேன். அவன் வலது கால் பெடலுக்குப் பக்கத்தில் தரைவிரிப்பை அழுத்திக்கொண்டிருந்தது. முழு பலத்தோடு. முழங்கால் நடுங்குகிற அளவுக்கு அழுத்தம்.

ஹேண்ட் பிரேக்கை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தேன். வண்டி ஒரு குலுக்கு குலுக்கி நின்றது. பெஞ்சிலிருந்த ஒரு பெரியவர் தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, எங்களை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பைக்கும் எங்கள் வண்டிக்கும் நடுவே ஒரு ஆள் நிற்கக்கூட இடமில்லை.

அண்ணன் உடனே கத்த ஆரம்பித்தான். பிரேக் போச்சு, அந்த ஷெட்டுக்காரன் கியர் பாக்ஸை இறக்கும்போது பிரேக்கையும் கெடுத்துவிட்டான், இன்றைக்கு அவனை உண்டு இல்லை என்று பண்ணுகிறேன் என்றான். நான் சாவியை உருவிக்கொண்டு இறங்கி, சுற்றிவந்து, அவன் பக்கத்துக் கதவைத் திறந்தேன்.

"பிரேக் நல்லா இருக்கு. நீ தரையை மிதிச்சுக்கிட்டிருந்தே."

"உளறாதே."

"நான் பாத்தேன் அண்ணா."

அவன் தன் கால்களைக் குனிந்து பார்த்தான். யாரோ வண்டியில் மறந்து வைத்துவிட்டுப் போன சாமானைப் பார்க்கிற மாதிரி பார்த்தான். குரலை இறக்கிக் கேட்டான்.

"எந்தக் கால்?"

அந்தக் கேள்வியில் எனக்கு அழுகை வந்துவிட்டது. அவனுக்குச் சந்தேகம் முன்பே இருந்திருக்கிறது. டிரைவர் சீட்டை விட்டு அவன் ஒதுங்கியது பெரிய மனசால் இல்லை. ஆனால் பக்கத்து சீட்டை மட்டும் விட மனசு வரவில்லை. அதையும் விட்டால் அவனிடம் என்ன இருக்கிறது?

"சாவியைக் கொடு. மருந்துக்கடைக்காரர் பொண்ணுக்கு நாளைக்கு டெஸ்ட். சாயங்காலம் இதே மேட்டுல ஒரு தடவை ஓட்டிக் காட்டணும்னு சொல்லியிருக்கேன். அதை மட்டும் முடிச்சுட்டு டாக்டர்கிட்ட வரேன்" என்றான்.

"மாட்டேன்."

"எனக்கு ஒண்ணுமில்லடி. செருப்பு புதுசு, அதான் தடுமாறுது. செருப்பைக் கழட்டிட்டா எல்லாம் தெரியும்."

"சரி, கழட்டு. கண்ணை மூடிக்கோ. நான் தொட்டா சொல்லு. சரியா சொல்லிட்டா சாவி உனக்கு."

கால்களை வெளியே போட்டுத் திரும்பி உட்கார்ந்தான். நான் ரோட்டில் குத்துக்காலிட்டு அவன் செருப்புகளைக் கழற்றினேன். சின்ன வயதில் கண்ணாமூச்சி விளையாடும்போது அவன் கண்ணை இப்படித்தான் இறுக்கமாக மூடுவான், ஏமாற்றவே மாட்டான். விரல் நுனியால், கட்டுப் போடாத காலின் பாதத்தைத் தொட்டேன். பேசாமல் இருந்தான். கட்டைவிரலை நகத்தால் அழுத்தினேன். அவன் முகம் மாறவில்லை. அடுத்த காலில் கட்டுக்கு வெளியே தெரிந்த விரலிலும் அப்படியே செய்தேன். நகம் பதிந்த இடம் வெளுத்து, மெல்லச் சிவந்தது. அதற்கு மேல் எனக்குத் தாங்கவில்லை, கைகளை எடுத்துவிட்டேன்.

பஸ் ஒன்று வந்து நின்று ஆட்களை ஏற்றிக்கொண்டு போனது. அண்ணன் கண்ணைத் திறக்காமல் காத்திருந்தான். பிறகு அவன் முகம் தெளிந்தது.

"ம், இப்பத் தெரியுது. கட்டைவிரல்தானே? நல்லாவே அழுத்தறே. போதும் விடு, வலிக்குது" என்றான்.

நான் இரண்டு கையாலும் சாவியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அவன் எதிரே உட்கார்ந்திருந்தேன்.